சட்டைப்பைக்கு எந்த மடக்குக் கத்தி? விக்டோரினாக்ஸ், ஓப்பினெல், இன்னும் சில

தினமும் கூடவே வைத்துக்கொள்ள ஒரு சின்ன மடக்குக் கத்தி வாங்கலாம் என்று நினைப்பவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "எந்த ஸ்டீல் நல்லது?" என்றுதான். என்னைக் கேட்டால் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய கேள்வி. முதலில் யோசிக்க வேண்டியது, ஒரு நாளில் நீங்கள் எதை வெட்டுகிறீர்கள் என்பதை. பழமா, பார்சலா? இது தெரிந்துவிட்டால் கடையில் இருக்கும் பாதிக் கத்திகள் தானாகவே கழிந்துவிடும்.

கூரியரில் வந்த பெட்டியின் டேப், பால் பாக்கெட்டின் மூலை, புதுச் சட்டையில் விலைச்சீட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நூல், அரிசி மூட்டையின் தையல், பூச்சரத்தை இரண்டாகப் பிரிக்க வாழைநார், மாத்திரை அட்டை. இவையெல்லாம் பார்சல் கணக்கு. இதற்குக் குட்டையான அலகும் கூரான முனையும் போதும். பாதி நேரம் கத்திரிக்கோலே போதும். ரயிலில் வாங்கும் கொய்யா, மதியத்துக்குக் கொண்டுபோகும் வெள்ளரிப்பிஞ்சு, ஆப்பிள், கடற்கரையில் உப்பு மிளகாய்த்தூளோடு கொடுக்கும் மாங்காய், இவை பழக் கணக்கு. இதற்கு மெல்லிய, கொஞ்சம் நீளமான அலகு வேண்டும். கழுவ எளிதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தை வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. மாம்பழச் சாறு கத்தியின் மடிப்புக்குள் போய் காய்ந்த பிறகுதான் அது பெரிய விஷயம் என்று தெரியும்.

மூன்று அங்குலம் என்ற எல்லை

எந்தக் கத்தி என்று பேசுவதற்கு முன்னால் நீளத்தை முடிவு செய்துவிடலாம். மூன்று அங்குலம், அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மேல் அலகு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சட்டைப்பை வேலைக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை என்பது ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம்.

இந்திய ஆயுத விதிகளின் பட்டியலில் வருபவை 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுக் கத்திகள். அதிலும் வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவைக்கு விலக்கு உண்டு. இதை மட்டும் பார்த்தால் பேனாக்கத்திக்குக் கவலையே இல்லை. ஆனால் டெல்லியில் தனி அறிவிக்கை ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பாயும் ஸ்பிரிங் கத்திகளும், ஏதாவது இயந்திர அமைப்பால் திறந்து மூடும் மற்ற கத்திகளும் 7.62 சென்டிமீட்டர் நீளத்தையும் 1.72 சென்டிமீட்டர் அகலத்தையும் எட்டினால் அதன் கீழ் வந்துவிடும். பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் மடக்குக் கத்திக்குச் சலுகை தருவதும் அதே மூன்று அங்குலம் வரைதான். அங்கே கூடுதலாக ஒரு நிபந்தனை: திறந்த பிறகு பூட்டிக்கொள்ளும் கத்தி என்றால் அளவு சிறிதாக இருந்தாலும் அந்தச் சலுகை கிடையாது. எனவே லண்டனில் படிக்கும் பிள்ளைக்கு அனுப்ப வாங்குகிறீர்கள் என்றால் பூட்டில்லாத கத்தியாகப் பார்த்து வாங்குங்கள். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளைத் தக்க காரணமில்லாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது. ஜப்பானில் வரம்பு இன்னும் குறைவு, பொதுவாக 6 சென்டிமீட்டர். இந்தக் கெடுபிடிகளைப் பார்த்துத்தான் ஸ்விட்சர்லாந்துக் கத்தி நிறுவனமான விக்டோரினாக்ஸின் தலைவர் கார்ல் எல்ஸ்னர் 2024-இல், அலகே இல்லாத கருவி ஒன்றை உருவாக்கிவருவதாகச் சொன்னார்.

எந்த ஊரானாலும், பொத்தானை அழுத்தினால் 'டக்'கென்று பாயும் கத்தியை வாங்காதீர்கள். அதில் பழமும் வெட்டலாம், பார்சலும் பிரிக்கலாம். ஆனால் போலீஸ்காரர் கையில் அது வேறு பொருளாகிவிடும். மெட்ரோ, நீதிமன்றம், சினிமா தியேட்டர் என்று பையைச் சோதிக்கும் இடங்களுக்கு எந்தக் கத்தியையும் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. விமானத்தில் போகும்போது செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டிக் கத்தியைத்தான் எல்லோரும் மறப்பார்கள், அதனால் டிக்கெட் எடுத்த அன்றே அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவது உத்தமம்.

சாவிக்கொத்தில் ஒன்று: கிளாசிக் எஸ்டி

விக்டோரினாக்ஸின் மிகச் சிறிய கத்தி வரிசையில் பலரும் அறிந்தது கிளாசிக் எஸ்டி. மடித்தால் 58 மில்லிமீட்டர், எடை 21 கிராம் அளவில். ஒரு சின்ன அலகு, கத்திரிக்கோல், நகம் தேய்க்கும் அரம், அதன் நுனியிலேயே ஒரு ஸ்குரூடிரைவர், பிடிக்குள் செருகிய சாமணமும் பல்குச்சியும், ஒரு வளையம்.

இதைக் கத்தி என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். அலகு சுண்டுவிரலின் இரண்டு கணு அளவுகூட இருக்காது. மாங்காயைக் குறுக்கே வெட்ட முடியாது. கொய்யாவைச் சுற்றிச் சுற்றித்தான் பிளக்க வேண்டும். ஆனால் இதில் இருக்கும் கத்திரிக்கோல் அபாரமானது. தையலில் நீண்டு நிற்கும் நூல், ஷாம்பு சாஷே, மாத்திரை அட்டை, பேண்டேஜ், மூக்கு முடி, குழந்தையின் நகம் என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய சின்ன வெட்டெல்லாம் அதில் ஆகிவிடும். சாமணத்தின் நுனி சாய்வாக இருப்பதால் காலில் தைத்த கருவேல முள்ளை எடுக்க இதைவிட வசதியாகச் சட்டைப்பையில் எதுவும் இருக்காது. நாள் பூராவும் பார்சல் கணக்கில்தான் ஓடுகிறது என்றால், கைப்பையிலோ சாவிக்கொத்திலோ போட்டதை மறந்துவிட வேண்டும் என்றால், மறுயோசனையே வேண்டாம், இதுதான். யார் முன்னாலும் எடுக்கலாம் என்பது இன்னொரு சௌகரியம். சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையும் பார்த்து எவரும் ஒதுங்கி நிற்பதில்லை.

பார்சலுக்கும் பழத்துக்கும் நடுவில்: கேடட், ஸ்பார்ட்டன்

விக்டோரினாக்ஸைத் தொடங்கியவர் பெயரும் கார்ல் எல்ஸ்னர்தான். ஸ்விட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884-இல் கத்திப் பட்டறை தொடங்கினார். 1891-இல் அந்நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி செய்து கொடுத்தார். டப்பாவைத் திறக்கவும் துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்கவும்தான் அந்தக் கத்தி. இன்றைய தலைவர் அதே குடும்பம், அதே பெயர். 1961-இல் வந்த படைவீரர் கத்தியில்தான் அலுமினியப் பிடி வந்தது, விரலில் சொரசொரவென்று படும் சின்னச் சின்னப் புடைப்புகளோடு. 'அலாக்ஸ்' என்று அதைச் சொல்வார்கள். கேடட் அந்த வம்சத்தின் தம்பி. நீளம் 84 மில்லிமீட்டர். ஒரு நல்ல அலகு, டப்பா திறப்பான், பாட்டில் திறப்பான், அவற்றின் நுனிகளில் இரண்டு அளவு ஸ்குரூடிரைவர், நகம் தேய்க்கும் அரம். அவ்வளவுதான்.

இதன் சிறப்பு ஒல்லி. சட்டைப்பையில் போட்டால் ஒரு தடித்த பேனா அளவுக்குத்தான் தெரியும். அலகு மெல்லியது, ஆறு சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், டெல்லிக் கணக்கானாலும் லண்டன் கணக்கானாலும் உள்ளேயே நிற்கும். பூட்டு கிடையாது, பின்னால் இருக்கும் ஸ்பிரிங்தான் அலகை நிமிர்த்தி வைக்கிறது. ஆப்பிளை நான்காக வெட்டும், மாங்காயைக் கீற்றுப் போடும், அட்டைப்பெட்டியையும் பிரிக்கும். மின்விசிறி ரெகுலேட்டரின் ஸ்குரூ லூஸாக இருந்தால் முடுக்கிவிடவும் ஆகும்.

ஸ்பார்ட்டன் 91 மில்லிமீட்டர். இரண்டு அலகு, தக்கை திருகி, துளையிடும் ஊசி, சாமணம் எல்லாம் உண்டு. எடை 60 கிராமை ஒட்டி வரும். சட்டைப்பையில் இந்த எடை துணியை இழுக்கும்; பேண்ட் பைக்குச் சரி. தக்கை திருகி நமக்கு எதற்கு என்று தோன்றினால் அதற்குப் பதில் நட்சத்திர ஸ்குரூடிரைவர் உள்ள டிங்கர் இருக்கிறது. நம் ஊர் வீட்டு வேலைக்கு டிங்கர்தான் பொருத்தம். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் கேடட்டைத்தான் வைத்துக்கொள்வேன். கூடுதல் கருவிகளுக்காகப் பை கனத்தால் நாளடைவில் கத்தி மேஜை டிராயருக்குப் போய்விடும், அங்கே இருக்கும் கத்தியால் ரயிலில் கொய்யா வெட்ட முடியாது.

இந்த வகைக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அலகைத் திறக்க நகத்தை ஒரு பள்ளத்தில் கொடுத்து இழுக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கும் மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கும் புதுக் கத்தி முரண்டு பிடிக்கும். வீட்டில் அப்பா அம்மாவுக்கு வாங்குகிறீர்கள் என்றால் அவர்களையே ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, நான் முதலில் சொன்ன மாம்பழச் சாறு. பல தகடுகள் அடுக்கிய கத்தியில் சாறு உள்ளே போய் ஒட்டிக்கொண்டால் அலகு பிசுபிசுவென்று திறக்கும், பிறகு எறும்பு வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கத்தியை முக்கி, அலகை உள்ளேயே பத்துப் பதினைந்து முறை திறந்து மூடி, நன்றாக உதறி, வெயில் படாத இடத்தில் திறந்தபடியே காயவிட்டு, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பழையபடி ஓடும். தையல் மிஷின் எண்ணெய் மற்றதற்கெல்லாம் சரி, சாப்பாடு வெட்டும் கத்திக்கு வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் பாதுகாப்பானது. தேங்காய் எண்ணெய் விட்டால் கொஞ்ச நாளில் சிக்குப் பிடித்துவிடும்.

பழம் வெட்டுபவர்களுக்கு: ஓப்பினெல்

பிரான்சின் சவ்வா மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-இல் செய்த கத்தி இன்றும் கிட்டத்தட்ட அதே உருவத்தில் வருகிறது. மரப்பிடி, ஒரே அலகு, கழுத்தில் ஒரு வளையம். அந்த வளையம் 1955-இல் வந்தது. அலகைத் திறந்து வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளும், விரல்மேல் மடங்காது. மூடியபடியும் பூட்டி வைக்கலாம் என்பதால் பைக்குள் தானாகத் திறக்காது. அளவுகளுக்கு எண் உண்டு: 5-ஆம் எண்ணுக்கு அலகு 6 சென்டிமீட்டர், 6-க்கு 7, 7-க்கு 8, 8-க்கு 8.5. வளையப் பூட்டு 6-ஆம் எண்ணில் தொடங்குகிறது.

எல்லோரும் பரிந்துரைப்பது 8-ஆம் எண்ணை. அருமையான கத்தி, எடையும் 45 கிராம் அளவுதான். ஆனால் அதன் இடம் பிக்னிக் கூடை. சட்டைப்பைக்கு 6 போதும், மூன்று அங்குலக் கணக்குக்குள்ளும் வந்துவிடும். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு மட்டும் பூட்டில்லாத 5.

ஒரு தக்காளியை எடுத்து இதையும் ஸ்பார்ட்டனையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். ஓப்பினெல் அலகு முதுகிலிருந்து கூர்வரை மெல்ல மெல்லச் சரிந்து, நடுவில் லேசாகப் புடைத்து இறங்குகிறது. அதனால் நறுக்கிய துண்டு அலகில் அப்பிக்கொள்ளாமல் விலகி விழும். மாங்காய்த் தோலைச் சீவும்போது தோல் ஒரே நாடாவாக, பின்னால் வெளிச்சம் தெரியும் மெல்லிசாக வரும். பல கருவி வைத்த கத்தி எதிலும் இந்தச் சுகம் கிடைக்காது. பிடியும் உருண்டையாக, உள்ளங்கையை நிறைக்கும்படி இருக்கிறது. தகட்டுப் பிடிகள் அழுத்தி வெட்டும்போது விரலை உறுத்தும், இது உறுத்தாது.

எந்த ஸ்டீல் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. ஓப்பினெல்லில் கார்பன் ஸ்டீலும் உண்டு, துருப்பிடிக்காத ஸ்டீலும் உண்டு. கார்பன் சீக்கிரம் கூராகும், கூரும் ரொம்ப நேரம் நிற்கும். கூடவே துருவும் பிடிக்கும். பாட்டி காலத்து இரும்பு அரிவாள்மனை இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாங்காயும் புளியும் பட்டுப் பட்டு அலகு கருநீலமாகி, காய் நறுக்கி முடித்தவுடன் ஈரம் போகத் துடைத்து வைப்பார்களே, அதே பராமரிப்புதான். அந்தக் கருமை கெடுதல் இல்லை, ஓரளவு துருவைத் தடுக்கும். செம்பழுப்பாக வந்தால்தான் துரு. ஆனால் கத்தி பைக்குள் மடங்கி, உடம்பு வியர்வையோடு சென்னை வெயிலில் அலைகிறது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று ஊர் என்றால் எலுமிச்சை வெட்டித் துடைக்காமல் மடித்த கத்தி மறுநாள் புள்ளி புள்ளியாக நிற்கும். எனவே தினமும் பையில் இருக்கப் போகும் கத்திக்குத் துருப்பிடிக்காத ஸ்டீலையே எடுங்கள். கார்பன் வேண்டும் என்ற ஆசை இருந்தால் சமையலறைக்கு இன்னொன்று வாங்கலாம், விலையும் பெரிதில்லை. பிரான்சில் சாதாரண ஓப்பினெல் பத்துப் பதினைந்து யூரோவில் கிடைக்கும். இங்கே இறக்குமதியில் கூடும்.

மரப்பிடிக்கு மழைக்காலத்தில் ஒரு குணம் உண்டு. ஈரம் குடித்து மரம் உப்பினால் அலகு உள்ளே சிக்கிக்கொள்ளும். நகம் உடையும்வரை இழுக்க வேண்டாம். சவ்வாக்காரர்கள் பிடியின் பின்முனையை மேஜையில் 'தட்'டென்று ஒரு தட்டுத் தட்டுவார்கள், அலகு நுனி வெளியே எட்டிப் பார்க்கும், பிடித்துத் திறந்துகொள்ளலாம். கழுவும்போது அலகை மட்டும் குழாயில் காட்டித் துடைத்துவிட்டால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. சாறு போய் ஒளிந்துகொள்ள ஒரே ஒரு பிளவுதான், அதையும் ஒரு துணி நுனியால் துடைத்துவிடலாம்.

மற்றவை

ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனோகாமி மீது பலருக்கு ஒரு மோகம் இருக்கிறது, எனக்கும் உண்டு. மடித்த தகட்டுப் பிடி, ஸ்பிரிங்கும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருப்பதுதான் பூட்டு. ஒரு காலத்தில் ஜப்பானியப் பிள்ளைகள் பென்சில் சீவப் பள்ளிக்குக் கொண்டுபோன கத்தி இது. பென்சிலால் படம் வரைபவர் மேஜையில் இருக்க வேண்டிய கத்தி. ஆனால் உராய்வு ஒன்றுதான் அலகைப் பிடித்திருக்கிறது. தளர்ந்துபோனால் பைக்குள்ளேயே திறந்துவிடும். துருவும் பிடிக்கும். சட்டைப்பைக்கு வேண்டாம்.

அப்புறம், கிளிப் வைத்து ஒரு கையால் திறக்கும் நவீன கத்திகள். அமெரிக்காவின் ஸ்பைடர்கோ 1981-இல் கொண்டுவந்த மாடலில்தான் அலகில் விரல் வைக்கும் வட்டத் துளையும் பையில் மாட்டும் கிளிப்பும் சேர்ந்து வந்தன. இன்று சீனாவின் சிவிவி போன்ற கம்பெனிகள் நல்ல ஸ்டீலில், குறைந்த விலையில் இவற்றைச் செய்கின்றன. ஒரு கையில் மூட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கயிறு அறுக்க வேண்டிய தொழிலில் இருப்பவர்கள், மீன்பிடி படகு, தோட்டம், கிடங்கு என்று இருப்பவர்கள், தாராளமாக இதை எடுக்கலாம், அங்கே பூட்டும் அவசியம். அலுவலக மேஜையில், பேருந்தில் இது பொருந்தாது. பக்கத்தில் இருப்பவர் முகம் மாறும். அலகும் பெரும்பாலும் தடிமன், ஆப்பிளை வெட்டாது, பிளக்கும்.

உங்கள் கணக்கு முழுக்க முழுக்க அட்டைப்பெட்டி என்றால், ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் கட்டரை வாங்கிவிட்டுப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஒடித்து ஒடித்துப் புது முனை எடுக்கும் அந்த யோசனை 1956-இல் ஜப்பானில் பிறந்தது, ஓல்ஃபா கம்பெனி அதில் வளர்ந்தது. அட்டை எந்த நல்ல கத்தியின் கூரையும் தின்றுவிடும். கடை வைத்திருப்பவர் நாள் முழுக்க ஓப்பினெல்லால் பெட்டி பிரித்தால் அது கத்திக்குச் செய்யும் அநியாயம். திருவிழாக் கடைகளில் தொங்கும் மீன் வடிவப் பிளாஸ்டிக் கத்திகளைப் பற்றி ஒரே வரி: ஆணி ஆடும், அலகு வளையும், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

கூர் தீட்டுவது

உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் விக்டோரினாக்ஸ் அலகு சுமார் 56. கத்திப் பிரியர்கள் இதை 'சாஃப்ட்' என்று ஒதுக்குவார்கள். எனக்கு இதுவே பெரிய வசதி. சீக்கிரம் மழுங்கும், அதே மாதிரி சீக்கிரம் கூராகும். பீங்கான் காபிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத ஒரு வளையம் இருக்கும். அதில் அலகை ஏறக்குறைய இருபது டிகிரி சாய்த்து, மெல்லிய தோல் சீவுவதுபோல் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று மாற்றி மாற்றி இழுங்கள், அழுத்தாமல். பீங்கானில் சாம்பல் நிறக் கோடு விழும். அது அலகிலிருந்து வந்த உலோகம். ஒரு செய்தித்தாளை ஓரம் பிடித்து வெட்டிப் பாருங்கள். கிழியாமல் இறங்கினால் போதும். ரொம்ப மழுங்கியிருந்தால் மட்டும் சாணைக்கல் எடுக்கலாம்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனை, வெட்டுக்கத்தி கொடுங்கள், மடக்குக் கத்தியைக் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் இவ்வளவு மெல்லிய அலகு நொடியில் சூடேறி, நுனி நீலம் பாரித்துப் பதம் போய்விடும். பதம் போன முனை எத்தனை தீட்டினாலும் நிற்காது.

வாங்கும்போது

விக்டோரினாக்ஸ் மாதிரி சிவப்புப் பிடி போட்ட போலிகள் நிறைய. அலகை வெளியே எடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள், நிறுவனப் பெயர் தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். எல்லாக் கருவிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுங்கள், ஒரே சீராக 'டக், டக்' என்று உட்கார வேண்டும். திறந்த அலகைப் பக்கவாட்டில் லேசாக அசைத்தால் ஆடக் கூடாது. மூடிய கத்தியை விளக்குக்கு நேரே பிடித்துத் தகடுகளுக்கு இடையே பார்த்தால் நல்ல கத்தியில் வெளிச்சம் ஒழுகாது. ஓப்பினெல் என்றால் மூடிய அலகு பிடியின் நடுவில் இறங்குகிறதா, ஒரு பக்க மரத்தை உரசுகிறதா என்று பார்த்து, வளையத்தை இரண்டு பக்கமும் திருகிப் பாருங்கள். மரமாதலால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும். கடையில் மூன்று நான்கு இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டச் சொல்லித் தேர்ந்தெடுப்பதில் தப்பே இல்லை. ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் இதையெல்லாம் வீட்டில் செய்துவிடுங்கள், முதல் மாங்காயை வெட்டுவதற்கு முன்னால்.